வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு கண்டால்: அடையாளம் காண்பது முதல் இரண்டாம் பூச்சு வரை

ஒரே வீட்டில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு இருந்தால், ஒவ்வாமை, வேர்க்குரு, தண்ணீர் சேரவில்லை என்றெல்லாம் எண்ணுவதற்கு முன் சிரங்காக இருக்குமோ என்று பார்த்துவிட வேண்டும். சொறிசிரங்கு என்று நாம் சொல்லும் இந்த நோய் முழுமையாகக் குணமாகக்கூடியது. அதற்கான மருந்து பெரும்பாலான மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அப்படியிருந்தும் சில வீடுகளில் அது மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் மருந்தின் குறையன்று. அரிப்பவர் மட்டும் பூசிக்கொள்வது, அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுவது, ஒரு தடவையோடு நிறுத்திவிடுவது ஆகிய மூன்றுமே. இந்தக் கட்டுரை முதன்முறையாக இந்நோயை எதிர்கொள்ளும் குடும்பத்துக்காக எழுதப்படுகிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்றாகாது. பார்த்து வந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ய இது உதவும்.

நோயின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிரங்கை உண்டாக்குவது உண்ணி இனத்தைச் சேர்ந்த, எட்டுக் கால்கள் கொண்ட மிகச் சிறிய பூச்சி. வளர்ந்த பெண் பூச்சியே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அது தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக இட்டுக்கொண்டே நகர்கிறது. முட்டைகள் 3 அல்லது 4 நாட்களில் பொரிந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடுகிறது. பூச்சியின் மீதும் அதன் முட்டை, கழிவு ஆகியவற்றின் மீதும் நம் உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பாக வெளிப்படுகிறது. முதன்முறை தொற்றும்போது இந்த ஒவ்வாமை உருவாக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். முன்பே ஒருமுறை வந்தவர்களுக்கு 1 முதல் 4 நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

சிகிச்சையின் அடிப்படையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அரிப்பே இல்லாமல் நலமாக நடமாடும் ஒருவரின் தோலில் பூச்சி ஏற்கெனவே குடியேறி, மற்றவர்களுக்குப் பரவிக்கொண்டும் இருக்கலாம். ஆகையால், 'எனக்கு ஒன்றுமில்லை, நான் எதற்குப் பூச வேண்டும்' என்று வீட்டில் ஒருவர் ஒதுங்கிக்கொண்டால், மற்ற அனைவரும் பட்ட பாடு வீணாகிவிடும்.

பூச்சி குதிக்காது, பறக்காது, ஊர்ந்துதான் வரும். எனவே தோலோடு தோல் நெடுநேரம் பட்டிருக்க வேண்டும்: ஒரே பாயில் படுப்பது, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது, கணவன் மனைவி உறவு, படுக்கையிலிருக்கும் முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது போன்றவை. ஒரு நொடி கைகுலுக்குவதால் பொதுவாக ஒட்டாது. இதை அழுக்கின் நோய் என்று நினைப்பது தவறு. தினமும் இருவேளை குளிப்பவர்களுக்கும் வருகிறது; ஏனென்றால் தோலுக்குள் வளை தோண்டி இருப்பதைச் சோப்பு கழுவிவிடாது. உலகில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017ஆம் ஆண்டு இதையும் சேர்த்தது. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குத்தான் ஆதாயம்.

முதல் படி: உடம்பை நன்றாகப் பாருங்கள்

பகல் வெளிச்சத்திலோ நல்ல டார்ச் வெளிச்சத்திலோ, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியுடன், விரல் இடுக்குகளிலிருந்து தொடங்குங்கள். பிறகு மணிக்கட்டின் உட்புறம், முழங்கையின் வெளிப்புறம், அக்குள் மடிப்பு, தொப்புளைச் சுற்றிய பகுதி, அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ இறுகும் இடுப்புப் பட்டை, பிட்டம், பாதத்தின் ஓரங்கள் என்று வரிசையாகப் பாருங்கள். பெண்களுக்கு முலைக்காம்பைச் சுற்றியும், ஆண்களுக்கு ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் கொப்புளங்கள் தோன்றும். ஆணுறுப்பில் அரிக்கும் சிறு முண்டுகள் இருந்து, உடம்பிலும் அரிப்பு இருந்தால் அது சிரங்காக இருக்கவே வாய்ப்பு மிகுதி; சொல்லக் கூச்சப்பட்டு இந்த அடையாளத்தை மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு முகத்திலும் தலையிலும் வருவது அரிது. கைக்குழந்தைகளுக்கோ தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாவற்றிலும் வரும். குறிப்பாக உள்ளங்காலில் சிறு நீர்க்கொப்புளங்கள் காணப்படும்.

நீங்கள் தேடுவது இரண்டு. ஒன்று, ஊசிமுனையளவு சிவந்த பருக்கள். இவை வேறு பல நோய்களிலும் வரும். மற்றொன்று, சிரங்குக்கே உரிய வளை. சாம்பல் நிறத்தில், பென்சிலால் லேசாகக் கீறியதுபோல், வளைந்து நெளிந்து, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு தெரியும். அதன் ஒரு முனையில் சில சமயம் மிகச் சிறிய கரும்புள்ளி இருக்கும். பூச்சி இருப்பது அங்கேதான். சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்துவிட்டால் கோடு அழிந்துவிடுவதால், நகம் அதிகம் படாத மணிக்கட்டு ஓரத்திலும் விரலின் பக்கவாட்டிலும் பொறுமையாகத் தேட வேண்டும். ஐயமிருக்கும் இடத்தில் பவுண்டன் பேனா மையைச் சிறிது தடவி, ஈரத் துணியாலோ ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலோ துடைத்தெடுத்தால், மேலிருந்த மை போய்விடும். வளைக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நிற்கும். பழைய முறைதான் என்றாலும் பயனுள்ளது. மாநிறத் தோலில் வளை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை என்பதால், அது தெரியவில்லை என்பதற்காகச் சிரங்கு இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: வேறு நோயா என்று ஒப்பிடுங்கள்

படர்தாமரை வட்டமாகப் பரவும். ஓரம் தடித்தும் நடுப்பகுதி சற்றுத் தெளிந்தும் இருக்கும். வேர்க்குரு வியர்க்கும் இடங்களில் கொத்தாக வந்து, வெயில் தணிந்தால் அடங்கிவிடும். மூட்டைப்பூச்சிக் கடி பெரும்பாலும் துணி மறைக்காத இடங்களில், பல சமயம் வரிசையாகத் தெரியும். சிரங்கோ துணி மூடிய மடிப்புகளை நாடும். வீட்டு நாய்க்குச் சொறி இருந்தால் அதன் பூச்சி மனிதர் மேல் ஏறிச் சில நாள் அரிப்பைக் கொடுக்கும். ஆனால் மனிதத் தோலில் அதனால் பெருக முடியாது. நாய்க்கு வைத்தியம் பார்த்தால் அது நின்றுவிடும்.

இவற்றைவிட நம்மூரில் நோயறிதலைக் குழப்புவது ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். அரிப்பு என்று சொன்னவுடன் கடையில் எடுத்துக் கொடுக்கப்படும் பல கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூசியவுடன் அரிப்பும் சிவப்பும் தணிவதால் குணமாகிவிட்டதாகத் தோன்றும். உள்ளே பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும். தோலின் தோற்றமும் மாறிவிடுவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். இப்படி ஏதாவது களிம்பு பூசியிருந்தால், அந்த ட்யூபையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்

ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு, தனியார் தோல் மருத்துவர் என எங்கு சென்றாலும் மூன்று செய்திகளைத் தாமாகவே சொல்லிவிடுங்கள்: அரிப்பு இரவில் அதிகமாகிறதா, எத்தனை வாரமாக இருக்கிறது, வீட்டிலோ விடுதியிலோ வேறு யாருக்கு அரிக்கிறது. 2020ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு வரையறையின்படி, சிரங்குக்கே உரிய இடங்களில் அதற்குரிய பருக்கள் இருந்து, அரிப்பும், அரிப்புள்ள ஒருவரோடு நெருங்கிப் பழகிய வரலாறும் சேர்ந்திருந்தால், பரிசோதனைக் கூட முடிவு இல்லாமலேயே சிரங்கு என்று கொள்ளலாம்.

சில இடங்களில் டெர்மாஸ்கோப் என்ற கருவியால் பார்ப்பார்கள். வளையின் முனையில் பூச்சியின் தலைப்பகுதி சிறிய கரு முக்கோணமாகத் தெரிந்தால் நோய் உறுதி. வேறு சில இடங்களில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. சாதாரணச் சிரங்கில் உடல் முழுவதற்கும் சேர்த்தே 10 முதல் 15 பூச்சிகள்தான் இருக்கும். சுரண்டிய இடத்தில் அவற்றில் ஒன்று அகப்படாமல் போவது இயல்பு.

நான்காம் படி: மருந்தைக் கணக்கிட்டு வாங்குங்கள்

பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு. இரண்டு மாதம் நிறைந்த குழந்தை முதல் கர்ப்பிணிகள் வரை மருத்துவர் மேற்பார்வையில் இதைப் பயன்படுத்தலாம். வளர்ந்த ஒருவருக்கு ஒருமுறை பூச ஏறத்தாழ 30 கிராம் தேவை. பருமனானவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 6 முதல் 12 வயது வரை சுமார் 15 கிராமும், 1 முதல் 5 வயது வரை சுமார் 7 அல்லது 8 கிராமும் போதும். அப்பா, அம்மா, பாட்டி, எட்டு வயதுப் பிள்ளை, மூன்று வயதுப் பிள்ளை என்று ஐவர் இருக்கும் வீட்டுக்கு ஒரு தடவைக்கே 110 கிராமுக்கு மேல் ஆகும். அதாவது 30 கிராம் ட்யூபில் நான்கு. இரண்டு தடவைக்கு எட்டு. ஒரே ஒரு ட்யூபை வாங்கி வந்து ஐந்து பேரும் தொட்டுக்கொண்டால் ஒருவருக்கும் குணமாகாது. செலவு கட்டுப்படியாகாதென்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலை குறைந்த பென்சைல் பென்சோயேட் திரவம் போன்ற மாற்று உண்டு. அது பெரியவர்களுக்கு 25 சதவீதத்தில் பூசப்படுவது, சற்று எரியும், பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவுக்கு நீர்த்துத்தான் பூச வேண்டும்.

வாய்வழி மருந்தாக ஐவர்மெக்டின் மாத்திரை தரப்படலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். உணவோடு சேர்த்து உட்கொண்டால் உடலில் நன்றாகச் சேரும். இது முட்டைகளை அழிப்பதில்லை என்பதால் 7 முதல் 14 நாட்களுக்குள் இரண்டாவது வேளை கட்டாயம். 15 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுக்களுக்குக் கந்தகம் கலந்த களிம்பு இன்றும் பயன்படுகிறது. காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு கலந்த பழைய லோஷன் பாட்டில் வீட்டில் எஞ்சியிருந்தால் அதை எடுத்துப் பூச வேண்டாம். தோல் வழியாக இரத்தத்தில் கலந்து நரம்பைப் பாதித்து வலிப்பை உண்டாக்கக்கூடியது அது. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் வழக்கம். அதனால் அரிப்பு சற்றுத் தணிவதாகப் பலர் உணர்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் வீடு முழுதும் பரவிவிடுகிறது. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, நீர்க்காத டெட்டால் போன்றவற்றைத் தோலில் பூசவே கூடாது.

ஐந்தாம் படி: பூசும் இரவு

வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் ஓர் இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதியிலிருந்து பிள்ளை விடுமுறைக்கு வரும் நாளாக இருந்தால் நல்லது. வர இயலாவிட்டால் அங்கே அவரும் அதே இரவில் பூசிக்கொள்ளட்டும். வீட்டோடு தங்கி வேலை செய்பவர், தினமும் வந்து குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் உறவினர் ஆகியோரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரங்களையும் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். நாம் கையால் உண்பவர்கள், பூசிய பிறகு கைகழுவினால் மருந்து போய்விடும். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தாலிக்கயிற்றைக் கழற்ற மனம் இல்லாவிட்டால் அதை நகர்த்திவிட்டு அடியில் நன்றாகப் பூசுங்கள். குளித்திருந்தால் உடல் முழுதும் உலர்ந்து, சூடு தணிந்த பிறகே பூச வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்று வேண்டாம்.

தாடைக்குக் கீழே கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, தோலின் ஓர் இடமும் விடாமல் மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு ஒவ்வொன்றும், கால் விரல் இடுக்குகளும், நகங்களுக்கு அடியிலும் (பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்கு உதவும், பிறகு அதை எறிந்துவிடுங்கள்), தொப்புளுக்குள்ளும், மார்பின் கீழ் மடிப்பிலும், பிட்டப் பிளவிலும், பிறப்புறுப்பின் வெளித்தோலிலும் பூச வேண்டும். முதுகை ஒருவருக்கொருவர் பூசிவிடுங்கள். தனியாகப் பூசிக்கொள்பவர்களுக்கு முதுகின் நடுப்பகுதிதான் விட்டுப்போகிறது. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தலை, நெற்றி, காதின் பின்புறம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கண்ணையும் வாயையும் ஒட்டிய இடங்களை மட்டும் விட்டுவிடலாம். விரல் சப்பும் குழந்தைக்குக் கையுறையோ சுத்தமான சாக்ஸோ மாட்டிவிடுங்கள். பாலூட்டும் தாய் ஊட்டுவதற்கு முன் மார்பைத் துடைத்துக் கழுவிவிட்டு, ஊட்டி முடித்தபின் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும்.

பெர்மெத்ரின் 8 முதல் 14 மணி நேரம் தோலில் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பூசினால் காலை ஏழு மணிக்குக் குளிக்கலாம். இடையில் கழிவறைக்குச் சென்று கைகழுவினால், குழந்தையின் அடியைக் கழுவினால், அந்தந்த இடத்தில் உடனே மறுபடி பூசிவிடுங்கள். மருந்து பூசியவுடன் சற்று எரிச்சலும் கூடுதல் அரிப்பும் தோன்றுவது வழக்கம். அதற்குப் பயந்து கழுவிவிடக் கூடாது.

ஆறாம் படி: துணிகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்ற ஆய்வாளர், நோயாளிகள் பயன்படுத்திய போர்வைகளிலும் உள்ளாடைகளிலும் தொண்டர்களைத் துயிலச் செய்து சோதித்தபோது, மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. மனித உடலை விட்டு வந்த பூச்சி சாதாரணமாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைப்பதில்லை. எனவே வீட்டையே கழுவித் தள்ளி, பூச்சிமருந்து அடித்து, மெத்தையை எரிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். அந்த உழைப்பைப் பூசுவதில் காட்டுங்கள்.

கடைசி மூன்று நாட்களில் உடுத்திய துணி, துண்டு, போர்வை, தலையணை உறை ஆகியவற்றை மருந்தைக் கழுவிக் குளிக்கும் காலையில் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்து நிமிடம் இருந்தாலே பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெந்நீரில் போட முடியாத கம்பளி, பட்டு, பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். குளித்தபின் அனைவரும் துவைத்த துணியை உடுத்த வேண்டும். பிள்ளைகள் மறுநாளே பள்ளிக்குப் போகலாம்.

ஏழாம் படி: இரண்டாம் பூச்சும் அதன் பிறகும்

முதல் பூச்சிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள், மருத்துவர் சொன்ன நாளில், இதே முறையில், இதே அனைவரும் மீண்டும் பூச வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகளிலிருந்து வெளிவந்த பூச்சிகள், தாங்கள் முட்டையிடும் முன் அழிவது இந்த இரண்டாம் தடவையில்தான். அரிப்பு குறைந்துவிட்டதே என்று இதைக் கைவிடும் வீடுகள்தான் அடுத்த மாதம் மறுபடி மருத்துவமனைக்கு வருகின்றன.

மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரங்கள் நீடிக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலோடு உதிரும்வரை ஒவ்வாமை அடங்காது. இதைத் தெரியாமல் தினமும் பெர்மெத்ரினைப் பூசிக்கொண்டே போனால் தோல் வறண்டு எரிந்து, அதனாலேயே அரிப்பு கூடும். தேங்காய் எண்ணெயோ சாதாரண ஈரப்பதக் களிம்போ, காலமைன் லோஷனோ போதும். இரவுத் தூக்கத்துக்கு மருத்துவர் செட்ரிசின் போன்ற மாத்திரை தருவார். அக்குளிலும் பிறப்புறுப்பிலும் தோன்றிய கெட்டியான முண்டுகள் சில மாதங்கள்கூட இருக்கலாம். அவற்றில் உயிருள்ள பூச்சி இருக்க வேண்டுமென்பதில்லை.

நான்கு வாரம் கடந்தும் புதிய பருக்களோ புதிய வளைகளோ தோன்றினால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். யாராவது பூசாமல் விட்டார்களா, மறுபடி யாரிடமிருந்தாவது தொற்றியதா என்று முதலில் ஆராய வேண்டும். பெர்மெத்ரினுக்குப் பூச்சி முன்போல் கட்டுப்படுவதில்லை என்று அண்மை ஆண்டுகளில் சில நாடுகளிலிருந்து செய்திகள் வருகின்றன. முறையாகப் பூசியும் குணமாகவில்லை என்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

சொறிந்த புண்ணில் சீழோ தேன் நிற ஆடையோ கட்டினால், காய்ச்சல் வந்தால், பாக்டீரியாத் தொற்று சேர்ந்துவிட்டது என்று பொருள்; ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்படிப் புண் வந்து சில வாரங்களில் பிள்ளையின் முகமோ கண்ணிமையோ காலையில் வீங்கியிருந்தால், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், அளவு குறைந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தோலில் தொற்றிய பின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளம் இது. சிரங்கைச் சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதற்காகவே.

முதியவர்கள், படுக்கையிலேயே இருப்பவர்கள், எச்ஐவி தொற்றுள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு வரும் பொருக்குச் சிரங்கு தனி வகை. கை, கால், நகங்களைச் சுற்றித் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு கட்டும். அரிப்பு மிகக் குறைவாகவே இருக்கலாம் என்பதால் வறண்ட தோல் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். ஆனால் அவர் உடலில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பூச்சிகள் இருக்கும். உதிரும் பொருக்கிலிருந்தும் படுக்கை விரிப்பிலிருந்தும்கூட இது பரவும். இவர்களுக்கு ஐவர்மெக்டின் பல வேளைகளும், களிம்பு பல நாட்களும் தேவை; மருத்துவமனையில் வைத்தே பார்ப்பது நல்லது. முதியோர் இல்லத்திலோ விடுதியிலோ சிரங்கு மறுபடி மறுபடி தலைகாட்டினால், இப்படிப் பொருக்கு கட்டிய ஒருவர் அங்கே கவனிக்கப்படாமல் இருக்கிறாரா என்று தேட வேண்டும். விடுதிக் காப்பாளர்கள் அரிக்கும் பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்பாமல், அந்த அறையில் தங்கும் அனைவருக்கும் ஒரே இரவில் மருந்து பூச ஏற்பாடு செய்து, இரண்டாம் பூச்சின் தேதியையும் அன்றே பதிவேட்டில் எழுதி வைத்துவிட வேண்டும்.